கனடாக் குளிரில் சிப்பிப்பாறை நாய்: வெளியே எவ்வளவு நேரம், எந்தப் பாதுகாப்போடு?

வைகைக்கரை (ஸ்கார்பரோ) – ஜனவரி 9, இரவு 8:40

அனைவருக்கும் வணக்கம். சென்ற கோடையில் மதுரையிலிருந்து குடும்பத்தோடு இங்கே குடிபெயர்ந்தபோது, நாங்கள் வளர்த்துவந்த சிப்பிப்பாறை நாயையும் உரிய தடுப்பூசிச் சான்றுகளோடு விமானத்தில் அழைத்து வந்தோம். பெயர் வீரா, நான்கு வயது. அக்டோபர் வரை மார்னிங்சைட் பூங்காவில் ஓடிக் களித்தவன், பனி விழத் தொடங்கியதிலிருந்து வாசலைத் தாண்டவே மறுக்கிறான். இழுத்துச் சென்றால் சில நிமிடங்களிலேயே முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நிற்கிறான். அதைக் கீழே வைத்ததும் அடுத்த காலைத் தூக்குகிறான். வீட்டுக்குள் வந்த பிறகு நெடுநேரம் பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கிறான்.

உறவினர் ஒருவர், நாய்க்கு இயற்கையே உடை கொடுத்திருக்கிறது, ஒரு குளிர்காலம் போனால் தானாகப் பழகிவிடும் என்கிறார். என் மனைவிக்கு அதில் நம்பிக்கை இல்லை. எத்தனை டிகிரி வரை இவனை வெளியே அழைத்துச் செல்லலாம், மேலங்கியும் காலுறையும் உண்மையிலேயே தேவைதானா என்பதை அனுபவம் உள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பனிமலை (வின்னிபெக்) – ஜனவரி 9, இரவு 9:25

வணக்கம் நண்பரே. நான் பல ஆண்டுகளாக இந்த ஊரில் பனிநாட்டு இனமான ஹஸ்கி நாய் வளர்க்கிறேன். மைனஸ் 25 டிகிரியிலும் அவள் கதவைத் திறந்துவிடச் சொல்லி முற்றத்துப் பனியில் சுருண்டு படுப்பாள். நாய்க்கு மேலங்கி அணிவிப்பதை நான் ஆதரிப்பதில்லை. உடை அணிவித்துப் பழக்கினால் உடல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை இழந்துவிடும் என்பது என் கருத்து. அதைவிட முக்கியமானது, வெளியே செல்வதை நிறுத்திவிடாமல் இருப்பது. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாய்க்கு உடல் பருக்கும், மூட்டு இறுகும், மனமும் சோர்ந்துபோகும். பொறுமையாகப் பழக்குங்கள்.

கால்நடைத்தோழி (மார்க்கம்) – ஜனவரி 9, இரவு 11:10

நான் விலங்கு மருத்துவமனை ஒன்றில் பதிவுபெற்ற தொழில்நுட்பராகப் பணிபுரிகிறேன். வெளியே செல்வதை நிறுத்தக் கூடாது என்று பனிமலை அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஹஸ்கிக்குப் பொருந்துவது சிப்பிப்பாறைக்குப் பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. வெளியடுக்கு நீரை வழியவிடும். உள்ளடுக்கு காற்றைப் பிடித்துவைத்து உடலின் வெப்பத்தைக் காக்கும். பனி பெய்யும்போது ஹஸ்கியின் முதுகைக் கவனித்தால் விழுந்த பனி உருகாமல் வெள்ளையாகவே கிடப்பதைக் காணலாம். உள்ளிருக்கும் சூடு வெளியே கசியவில்லை என்பதற்கு அதுவே சான்று. அதே பனி வீராவின் முதுகில் விழுந்தால் நொடியில் நீராகிவிடும். அந்தப் பனியை உருக்கிய வெப்பம் அவன் உடலிலிருந்து போனது. சிப்பிப்பாறை தென்மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் முயல் விரட்டுவதற்காக வளர்க்கப்பட்ட இனம். மெல்லிய தோல், ஒட்டிய வயிறு, ஒற்றை அடுக்குக் குட்டை முடி, தோலுக்கடியில் மிகக் குறைந்த கொழுப்பு என, வெப்பத்தை விரைவாக வெளியேற்றுவதற்கு ஏற்றதாகவே அந்த உடல் அமைந்திருக்கிறது. காது மடலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே ஓடும் நாளங்களே தெரியும். அத்தனை மெல்லிய காதுதான் மைனஸ் 15 டிகிரிக் காற்றை எதிர்கொள்கிறது.

ஒரு குளிர்காலத்தில் பழகிவிடும் என்பதில் ஓரளவே உண்மை இருக்கிறது. பகல் குறைந்து குளிர் கூடும்போது சில நாய்களுக்கு முடி அடர்த்தியாகும். ஆனால் பிறவியிலேயே அடிமுடி இல்லாத நாய்க்கு இங்கே வந்ததால் அது புதிதாக முளைத்துவிடாது. மேலங்கி அணிவித்தால் உடலின் ஆற்றல் குறைந்துவிடும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை.

எத்தனை டிகிரி என்ற கேள்விக்கு ஒரே எண்ணைச் சொல்ல இயலாது. ஆயினும் குட்டை முடியுள்ள, ஒல்லியான, நலமான நாய்களின் உரிமையாளர்களுக்கு நான் சொல்லும் தோராயமான வரம்பு இது: பூஜ்யத்தை நெருங்கும்போதே மேலங்கி அணிவியுங்கள், மைனஸ் 7க்குக் கீழே போனால் நடையைச் சுருக்குங்கள், மைனஸ் 15க்குக் கீழே மலசலம் கழித்ததும் உள்ளே அழைத்து வந்துவிடுங்கள். குட்டிகள், முதிய நாய்கள், இதயம், சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை தொடர்பான நோயுள்ளவை ஆகியவற்றுக்கு இந்த வரம்பு இன்னும் மேலே வர வேண்டும்.

வானிலை அறிக்கையில் சொல்லப்படும் காற்றுக்குளிர் (wind chill) அளவைப் பற்றியும் ஒரு சொல்; காற்று வீசும்போது தோல் உணரும் குளிரைக் காட்டும் எண் அது. 2001-இல் கனடாவும் அமெரிக்காவும் ஏற்றுக்கொண்ட அந்தக் கணக்கு, நடந்து செல்லும் மனிதரின் மூடப்படாத முகத்தை வைத்து வகுக்கப்பட்டது. அது மைனஸ் 28-ஐத் தொட்டால் மனிதத் தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும். நாய்க்கு அப்படியே பொருந்தாவிட்டாலும், முடி குறைந்த காது விளிம்பு, வால் நுனி, அடிவயிறு, ஆண் நாயின் விரைப்பை ஆகிய இடங்களைப் பொறுத்தவரை அதை ஒரு நல்ல எச்சரிக்கையாக நான் எடுத்துக்கொள்கிறேன். காற்றோடு ஈரமும் சேர்ந்துவிட்டால் வெப்பமானி காட்டும் எண்ணை நம்பாதீர்கள். பூஜ்யத்தில் பெய்யும் ஈரப்பனியில் நனைந்த நாய், மைனஸ் 8-இல் உலர்ந்த காற்றில் நடக்கும் நாயைவிட விரைவாகக் குளிர்ந்துபோகலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக நாயையே பாருங்கள். முதுகைக் கூனுவது, வாலை ஒடுக்குவது, நடுங்குவது, நடையின் வேகம் குறைவது, வீட்டுப் பக்கமே திரும்பித் திரும்பி இழுப்பது, காலை மாற்றி மாற்றித் தூக்குவது ஆகிய அனைத்தும் போதும் என்று அது சொல்லும் வழிகள். வீரா உங்களிடம் அதைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

வைகைக்கரை (ஸ்கார்பரோ) – ஜனவரி 10, காலை 7:15

மிக்க நன்றி, சகோதரி. முதுகில் விழும் பனியைப் பற்றி நீங்கள் சொன்னதை இன்று காலையில் நேரிலேயே பார்த்தேன். விழுந்த இடமெல்லாம் உடனே ஈரமாகிவிட்டது. மேலங்கி வாங்கப் போகிறோம். ஆனால் இவன் காலைத் தூக்குவது குளிரால் மட்டுமா என்ற ஐயம் இருக்கிறது. எங்கள் கொல்லைப் புல்தரையில் பனி மீது நிற்கும்போது அவ்வளவாகத் தூக்குவதில்லை. தெருவோர நடைபாதைக்கு வந்ததும்தான் தொடங்குகிறான்.

வடமராட்சி (ஏஜாக்ஸ்) – ஜனவரி 10, மாலை 5:50

தம்பி, நீங்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். அது உப்பு. நடைபாதையில் காய்ந்த இடங்களில் வெள்ளைக் கோடுகளாகத் தெரிவதும், காலுக்கடியில் நறநறவென்று அரைபடுவதும் அதுதான். குளிரில் பாதத்தின் தோல் வெடித்திருக்கும். அந்த வெடிப்புக்குள் உப்புக் கரைசல் இறங்கினால் எரியத்தானே செய்யும்? சாதாரணக் கல்லுப்பு மைனஸ் 10 அளவிலேயே வலு இழந்துவிடுவதால், கடுங்குளிர் நாட்களில் பலர் கல்சியம் குளோரைட் கலந்ததைத் தூவுகிறார்கள். அது ஈரத்தில் கரையும்போதே சூட்டை வெளியிடுவது. விரலிடுக்கில் ஒரு மணி சிக்கினாலும் தோல் புண்ணாகிவிடும். பிறகு வீட்டுக்கு வந்து அந்தப் பாதத்தை நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும், வாந்தியும் வயிற்றோட்டமும் வரும்.

எங்கள் வீட்டில் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் வரை முன்கதவின் உட்புறத்தில் ஒரு அகன்ற பாத்திரமும் பழைய துவாயும் எப்போதும் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொரு காலையும் நனைத்து, விரல்களை விரித்து இடுக்குகளைத் தடவிப் பார்த்து, நன்றாக ஒற்றித் துடைத்த பிறகே நாயை உள்ளே விடுவோம். எங்களுடையது நீள முடியுள்ள கொக்கர் ஸ்பானியல் ஆகையால் விரலிடுக்கில் மிளகளவு பனி உருண்டைகள் ஒட்டிக் கல்லாக இறுகிவிடும். அதைப் பிடுங்கி எடுக்கக் கூடாது, நீரில் கரையவிட வேண்டும். குளிர்காலத்துக்கு முன்பே அந்த முடியைப் பாதத்தின் மட்டத்துக்கு நறுக்கிவிடுவதும் நல்லது.

நாய்ச் சப்பாத்து (காலணி) வாங்குவதாயின் அளவு மிக முக்கியம். காலைத் தாளில் ஊன்றி நிற்கவைத்து, பாரம் விழுந்து விரல் அகன்ற நிலையில் சுற்றிக் கோடு வரைந்துகொண்டு கடைக்குப் போங்கள். தூக்கிப் பிடித்த காலை அளந்தால் சிறியதாக வாங்கிவிடுவீர்கள். முதலில் வீட்டுக்குள் உணவு கொடுக்கும் நேரங்களில் மட்டும் அணிவித்துப் பழக்குங்கள். ஒட்டும் பட்டியை இறுக்கிக் கட்டினால் இரத்தவோட்டம் தடைப்பட்டு, குளிரிலிருந்து காப்பதற்கு வாங்கிய பொருளே பாதத்தை உறைய வைத்துவிடும். சப்பாத்தை எந்த வகையிலும் ஏற்காத நாய்க்கு, புறப்படும் முன்பு பாதத்தில் தேன்மெழுகு கலந்த களிம்பைத் தடவலாம். அதனால் உப்பு உள்ளே இறங்குவது குறையும்.

உங்கள் சொந்த வாசலுக்கு உப்பே வேண்டாம். பனியை வழித்துவிட்டு மணலைத் தூவுங்கள். வழுக்காது, எரிக்கவும் செய்யாது. விலங்குகளுக்குப் பாதுகாப்பானது என்று எழுதி விற்கும் பனியுருக்கிகள் எரிச்சலில் குறைந்தவை, ஆனால் அவற்றையும் தின்னவோ நக்கவோ விடக் கூடாது.

பனிமலை (வின்னிபெக்) – ஜனவரி 10, இரவு 8:05

சப்பாத்து குறித்து வடமராட்சி ஐயா எழுதியதோடு எனக்கு எந்த வேறுபாடும் இல்லை. உப்புத் தூவிய தெருவில் ஹஸ்கிக்கும் நான் அதை அணிவிக்கிறேன். மேலங்கி பற்றிச் சகோதரி தந்த விளக்கத்தைப் படித்த பிறகு, ஒற்றை அடுக்கு முடியுள்ள நாய்க்கு அது தேவை என்பதையும் ஏற்கிறேன். இருந்தாலும் ஒரு கருத்தில் நான் உறுதியாக இருக்கிறேன்: மேலங்கி அணிவித்துவிட்டோம் என்ற துணிவில் நேரத்தை நீட்டிவிடக் கூடாது. கடைகளில் தொங்கும் பெரும்பாலான நாய் மேலங்கிகள் முதுகை மட்டுமே மூடுகின்றன. ஒட்டிய வயிறும் நெடிய கழுத்தும் கொண்ட சிப்பிப்பாறைக்கு, வெளிநாட்டு வேட்டை நாய்களான கிரேஹவுண்டுக்கும் விப்பெட்டுக்கும் தைக்கப்படும் நீளமான மேலங்கியையே தேட வேண்டும். நெஞ்சையும் அடிவயிற்றையும் மூடி, வாலின் அடிவரை வந்து, கழுத்துப் பகுதியை மேலே இழுத்துக் காதுகளையும் மூடும்படி இருக்க வேண்டும். நனைந்த மேலங்கியை ஒரு நிமிடமும் உடலில் விட்டுவைக்காதீர்கள், ஈரத் துணி வெப்பத்தை உறிஞ்சிவிடும். மாற்றுக்கு இன்னொன்று இருப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் நாய்க்குக் கூடுதலாக உணவிட வேண்டும் என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள். நாள் முழுவதும் வெளியே உழைக்கும் நாய்க்கு அது சரி. சூடேற்றிய வீட்டுக்குள் இருந்துகொண்டு நடையையும் குறைத்துவிட்ட நாய்க்கு வழக்கமான அளவே மிகுதி. வீராவின் விலா எலும்புகளைத் தடவிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கால்நடைத்தோழி (மார்க்கம்) – ஜனவரி 10, இரவு 10:45

நடை, உடை, சப்பாத்து பற்றிய பேச்சு நன்றாகவே போகிறது. ஆனால் குளிர்காலத்தில் என்னை மிகவும் அச்சுறுத்துவது தெருவில் இல்லை, கராஜில் இருக்கிறது. கார் எஞ்சின் உறையாமல் இருக்க ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளால் ஆனது. அதற்கு இனிப்புச் சுவை உண்டு. தரையில் சிந்திய சிறு குட்டையை நாய் விரும்பி நக்கிவிடும். பூனை அந்தக் குட்டையை மிதித்துவிட்டுப் பிறகு தன் பாதத்தை நக்கிச் சுத்தம் செய்தாலே போதும், ஆபத்து வந்துவிடும். ஒரு சராசரிப் பூனையைக் கொல்ல ஓரிரு தேக்கரண்டி அளவே போதுமானது.

இந்த நஞ்சு ஏமாற்றும் விதத்தை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். குடித்த ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே தள்ளாட்டம், வாந்தி, அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை தோன்றக்கூடும். பிறகு நாய் தெளிந்துவிட்டது போலக் காணப்படும். ஏதோ கண்டதைத் தின்றிருக்கிறது, சரியாகிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைவது அந்த இடைவெளியில்தான். அதற்குள் கல்லீரல் அந்தப் பொருளை வேறு நச்சு அமிலங்களாக மாற்றிவிடும், அவை கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகங்களாகப் படியத் தொடங்கும். ஓரிரு நாட்களில் சிறுநீர் நின்றுபோகும் நிலையில் கொண்டுவந்தால் மருத்துவர்களால் செய்யக்கூடியது மிகச் சொற்பம்.

இதற்கு ஃபோமெப்பிசோல் என்ற முறிமருந்து உண்டு. கல்லீரலில் நடக்கும் அந்த மாற்றத்தையே தடுக்கும் மருந்து என்பதால் மாற்றம் நடந்து முடியும் முன்பே செலுத்த வேண்டும். நாய்க்கு 8 முதல் 12 மணி நேரத்துக்குள், பூனைக்கு 3 மணி நேரத்துக்குள். ஆகவே நக்கியதைக் கண்ணால் பார்க்காவிட்டாலும், தரையில் கசிவும் நாயின் நடையில் தள்ளாட்டமும் இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவிலும் திறந்திருக்கும் அவசர விலங்கு மருத்துவமனையின் எண்ணையும் வழியையும் இன்றே கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். போகும்போது ஆன்டிஃப்ரீஸ் கலனையும் எடுத்துச் செல்லுங்கள். கார்க் கண்ணாடி கழுவும் நீரில் உள்ள மெத்தனாலும் விலங்குகளுக்கு ஆகாதது, அதையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நிலாமுற்றம் (ஸ்கார்பரோ) – ஜனவரி 11, காலை 9:30

நாய் பூனையோடு நிற்காமல் பறவைக்கும் மீனுக்கும் ஓர் இடம் கேட்கிறேன். 2013 டிசம்பரில் ரொறன்ரோவைத் தாக்கிய பனிக்கட்டி மழையை இங்கே நீண்டகாலம் வாழ்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மரக்கிளைகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மின்கம்பிகள் மீது முறிந்து விழ, நகரில் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. பல வீடுகளுக்கு நத்தார் (கிறிஸ்துமஸ்) கழிந்த பின்னரே மின்சாரம் திரும்பியது. எரிவாயுவில் இயங்கும் வெப்பமூட்டிக்கும் மின்விசிறி வேண்டும் என்பதால் மின்சாரம் இல்லையென்றால் வீடு மெல்ல மெல்லக் குளிர்ந்துவிடும்.

அந்த நிலையில் பறவைக் கூண்டை யன்னல் ஓரத்திலிருந்து உட்சுவர்ப் பக்கம் மாற்றி, மூன்று பக்கங்களைப் போர்வையால் மூடி, ஒரு பக்கத்தைக் காற்றுக்காகத் திறந்துவிட வேண்டும். வெப்பநாட்டு மீன்களுக்கு 24 முதல் 26 பாகை நீர் தேவை. தொட்டியைச் சுற்றிக் கம்பளியைச் சுற்றினால் சூடு பல மணி நேரம் தங்கும். நீர் குளிர்ந்தால் கொதிநீரை நேரே ஊற்றாமல், வெந்நீர் நிரப்பி இறுக மூடிய போத்தலை மிதக்கவிடுங்கள். உணவை நிறுத்திவிடுங்கள். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப்பம்பி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்தால் பெரிய உதவி.

வீட்டுக்குள் கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ மூட்டாதீர்கள், கராஜுக்குள் ஜெனரேட்டரை இயக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணம் இல்லை. 2013-இன் அந்த இருட்டு நாட்களில் ஒன்டாரியோவில் மனிதர்களே அதனால் இறந்தார்கள். பறவையின் நுரையீரல் இன்னும் நுட்பமானது. ஒட்டாத பூச்சுப் பூசிய பாகங்களைக் கொண்ட சில ஹீட்டர்கள் சூடேறும்போது வெளியாகும் புகையே பறவையைக் கொல்லக்கூடும். புது ஹீட்டரைப் பறவை இருக்கும் அறையில் முதன்முதலாகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

குன்னூர்க்காரி (குன்னூர், நீலகிரி) – ஜனவரி 11, பிற்பகல் 2:20

கனடாவோடு ஒப்பிட எங்கள் குளிர் சிறியதுதான் என்றாலும், நிலாமுற்றம் அவர்கள் கரி அடுப்பைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை ஒட்டிய தலைக்குந்தா போன்ற இடங்களில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும். எங்கள் வீடுகளில் வெப்பமூட்டி கிடையாது. இரவில் கரித்தணலை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கி உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்தி குளிர்காலங்களில் வருவதுண்டு. நாயும் பூனையும் அந்த அறைக்குள்ளேதான் படுத்திருக்கும்.

வெப்பமூட்டி இல்லாத வீட்டில் நாய்க்குக் குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது. சிமெண்டுத் தரையில் எத்தனை கம்பளி விரித்தாலும் நள்ளிரவுக்குள் சில்லிட்டுவிடும். ஒரு சாண் உயரத்துக்குப் பலகையை ஏற்றி, அதன்மேல் சாக்கை விரித்துப் படுக்கவைத்தாலே போதும். கதவிடுக்குக் காற்று நேராக வீசாத மூலையாகப் பார்த்துப் போட வேண்டும்.

வடமராட்சி (ஏஜாக்ஸ்) – ஜனவரி 11, இரவு 7:40

தங்கச்சி சொன்ன படுக்கை உயரம் இங்கே நிலக்கீழ் அறையில் படுக்கும் நாய்களுக்கும் பொருந்தும்.

எங்கள் தெருவில் உரிமையாளர் இல்லாத பூனைகள் சில உண்டு. அவற்றுக்காக ஒவ்வொரு குளிர்காலமும் பெட்டி செய்து வைக்கிறோம். தடித்த மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வெப்பங்காக்கும் நுரைப் பலகையைப் பொருத்தி, ஒரு பூனை நுழையும் அளவுக்கு மட்டும் துவாரம் வெட்டி, உள்ளே வைக்கோலைத் தளர்வாக நிரப்ப வேண்டும். பெட்டி பெரிதாக இருக்கக் கூடாது. சிறிய இடத்தைத்தான் பூனையின் உடற்சூடு நிறைக்கும். போர்வையையோ துவாயையோ உள்ளே போடுவது அன்பினால் செய்யும் காரியம், ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி உறைந்து, பூனையின் சூட்டைப் பறித்துவிடும். மாட்டுத் தீவனமாக விற்கும் உலர்புல்லும் ஈரம் பிடித்துப் பூஞ்சை கட்டும். வைக்கோல் மட்டுமே ஈரத்தை வழியவிட்டு, பூனை உள்ளே புதைந்து படுக்க இடம் தரும்.

பெட்டி கிடைக்காத பூனை சூடான கார் எஞ்சினைத் தேடி அடியிலிருந்து ஏறிப் படுத்துவிடும். காலையில் காரை இயக்கும் முன்பு எஞ்சினின் மேல்மூடியான பொனற்றைக் கையால் ஓங்கித் தட்டி, சில நொடிகள் நின்றுவிட்டு ஏறுங்கள்.

செந்தூரன்72 (பிரம்டன்) – ஜனவரி 12, காலை 10:05

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு நாயைப் பகல் முழுவதும் வெளியே சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர்ப் பாத்திரம் கட்டியாக உறைந்து கிடக்கிறது. அயலவரோடு பகை வேண்டாம் என்று வீட்டார் சொல்கிறார்கள். யாரிடம் முறையிடுவது?

கால்நடைத்தோழி (மார்க்கம்) – ஜனவரி 12, பிற்பகல் 1:15

முதலில் இயன்றால் அந்த வீட்டாரோடு நேரில் பேசிப் பாருங்கள். சிலர் அறியாமையால் செய்கிறார்கள், தண்ணீர் உறைந்திருப்பதைச் சொன்னால் மாற்றிக்கொள்வார்கள். பயன் இல்லையென்றால் தயங்காதீர்கள். ஒன்டாரியோவில் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விலங்கு நலச் சட்டத்தின்படி, வெளியே வாழும் நாய்க்கு உறையாத தண்ணீரும், காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் தங்குமிடமும் தருவது உரிமையாளரின் கடமை. மாகாண அரசின் விலங்கு நல ஆய்வாளர்கள் வந்து பார்த்து, திருத்தும்படி உத்தரவிடவும், தேவையானால் விலங்கை அப்புறப்படுத்தவும் அதிகாரம் உள்ளவர்கள். பூட்டிய காருக்குள் குளிரில் விடப்பட்ட நாயைக் கண்டாலும் நீங்களே கண்ணாடியை உடைக்காமல் அவர்களையோ காவல்துறையையோ அழையுங்கள்.

அந்த நாய் நடுங்குவதை நிறுத்திவிட்டுச் சோர்ந்து கிடந்தால் அது அவசரநிலை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. அது மிகவும் தாழ்ந்துபோகும்போது நடுக்கம் நின்றுவிடும். குளிர் பழகிவிட்டது என்று பார்ப்பவர்கள் எண்ணிக்கொள்வார்கள், உண்மையில் சூடு உண்டாக்கும் வலிமையையே உடல் இழந்திருக்கும். அப்போது உலர்ந்த போர்வையில் சுற்றி, துண்டால் சுற்றிய வெந்நீர்ப் புட்டியை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் அருகில் வைத்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கால்களை மட்டும் சூடேற்றாதீர்கள், ஹீட்டருக்கு முன்னால் கிடத்தாதீர்கள். உறைந்த காதையோ வாலையோ தேய்க்கவே கூடாது. தேய்த்தால் உள்ளே உறைந்த திசு கிழிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை மெல்ல ஒற்றினால் போதும். வெளியே கொண்டுபோகும் வழியில் மறுபடியும் உறையும் என்றால் உருக்காமலே கொண்டுசெல்வது நல்லது.

நிலாமுற்றம் (ஸ்கார்பரோ) – ஜனவரி 12, மாலை 6:30

ஏரிக்கரையில் நடப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரூஜ் ஆற்று முகத்துவாரமும் பிக்கரிங்கின் பிரெஞ்ச்மன்ஸ் குடாவும் உறைந்திருக்கும்போது நாயை அவிழ்த்துவிடாதீர்கள். ஒரு மனிதர் நடப்பதற்கே குறைந்தது 15 சென்ரிமீற்றர் தடிப்பான தெளிந்த பனிக்கட்டி தேவை. நீரோட்டம் உள்ள இடத்தில் தடிப்பு அடிக்கு அடி மாறும். நாய் உள்ளே விழுந்தால் பின்னால் ஓடிச் செல்லாமல் கரையில் நின்று அதைப் பெயர் சொல்லி அழைத்தபடி அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். நாயைக் காப்பாற்ற இறங்குபவருக்கும் அதே பனிக்கட்டிதான் உடையும்.

வைகைக்கரை (ஸ்கார்பரோ) – ஜனவரி 17, இரவு 9:00

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கிரேஹவுண்டு அளவிலான மேலங்கி கிடைத்துவிட்டது. கழுத்துப் பகுதியை இழுத்துக் காதை மூடியதும் இவனே வாசலுக்கு நடக்கிறான். சப்பாத்தை இன்னும் வீட்டுக்குள்தான் பழக்குகிறோம். கொல்லையில் புல் தெரியும்வரை பனியை வழித்து ஒரு மூலையை ஒதுக்கியதால் காலையில் மலசலம் கழிக்கும் சிக்கல் தீர்ந்தது.

மூன்று ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. ஓடுவதற்கே பிறந்த நாயை வீட்டுக்குள் எப்படிக் களைப்படையச் செய்வது? உடலில் தவிடு போல வெள்ளைச் செதில் உதிர்கிறது, குளிப்பாட்டலாமா? வலது காது விளிம்பில் ஓர் இடம் மட்டும் கருமையாக, தொட்டால் சற்றுத் தடிப்பாக இருக்கிறது. இது முன்பு இல்லை.

பனிமலை (வின்னிபெக்) – ஜனவரி 17, இரவு 9:40

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இவ்வகை நாய்கள் கண்ணால் வேட்டையாடுபவை என்றாலும் மூக்குக்கு வேலை கொடுத்தால் விரைவில் களைப்படையும். பழைய துண்டில் உணவைச் சுருட்டி முடிச்சிட்டுக் கொடுங்கள். வீடு முழுவதும் சிறு துண்டுகளை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். படிக்கட்டில் அளவாக ஏறி இறங்க வையுங்கள், வழுக்கும் தரையில் மட்டும் பாயவிடாதீர்கள். நண்பகலில் வெயில் இருக்கும்போது ஒருமுறை, மாலை இருட்டுவதற்கு முன்பு ஒருமுறை எனக் குறுகிய நடைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இருட்டிவிட்டால் ஒளிரும் கழுத்துப்பட்டை கட்டாயம். பனி வழிக்கும் வண்டி ஓட்டுநருக்குச் சந்தன நிற நாய் கண்ணில் படாது.

கால்நடைத்தோழி (மார்க்கம்) – ஜனவரி 17, இரவு 10:20

செதிலுக்குப் பெரும்பாலும் காரணம் வெப்பமூட்டியால் வறண்டுபோன வீட்டுக் காற்று. ஈரப்பதமூட்டி ஒன்றை வைத்து அறையின் ஈரப்பதத்தை 30 முதல் 40 விழுக்காட்டில் நிறுத்தப் பாருங்கள். குளியலை இயன்றவரை குறையுங்கள். அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்றால் நாய்களுக்கான மென்மையான ஷாம்பு மட்டும், முழுவதும் உலரும்வரை வெளியே அனுப்பக் கூடாது. நம் வீட்டு வழக்கப்படி நல்லெண்ணெய் தடவ வேண்டாம். நாய் அதை நக்கித் தின்றுவிடும். வெளியே நடை குறைந்திருப்பதால் நகமும் தேயாது, பார்த்து வெட்டிவிடுங்கள்.

காது விளிம்பைப் பற்றித்தான் எனக்குக் கவலை. குளிரில் உறைந்த திசு அன்றே தெரியாமல், சில நாட்கள் கழித்துக் கருமையாகவும் தடிப்பாகவும் வெளிப்படுவது வழக்கம். மேலங்கி வாங்குவதற்கு முன்பு நடந்ததாகக்கூட இருக்கலாம். காதின் நுனிக் குருதிநாளங்களைத் தாக்கும் வேறு நோய்களும் இதே போலத் தோன்றும், நேரில் பார்க்காமல் யாராலும் உறுதி சொல்ல முடியாது. மனிதருக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அந்த இடத்தைத் தேய்க்காமல், சொறியவிடாமல், நாளைக் காலையிலேயே உங்கள் விலங்கு மருத்துவரை அழைத்து நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பார்க்கும்வரை கொல்லைப்புற மூலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கும் காதை மூடியே அழைத்துச் செல்லுங்கள். ஒருமுறை உறைந்த காது மறுமுறை இன்னும் எளிதாக உறையும்.